தையல் கூடமாக்கிய சின்ன வீடு: ஓதம், வெக்கை, துரு வந்தால் எங்கே பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒற்றை அறை, மொட்டை மாடியில் சீட் போட்டு எழுப்பிய அறை, குறைந்த வாடகைக்குக் கிடைத்த பழைய ஓட்டு வீடு. சென்னைப் புறநகரில் தையல் கூடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. தாம்பரம், முடிச்சூர், மடிப்பாக்கம் பக்கம் தையல் மெஷின் சர்வீஸுக்குப் போவது என் வேலை. பாபின் உட்காரும் ஷட்டிலில் துரு, மெஷின் இறுகிப் போச்சு, பெல்ட் வழுக்குது என்று கூப்பிடுவார்கள். சுத்தம் செய்து எண்ணெய் விட்டு வந்தால், அடுத்த மழைக்கு அதே வீட்டிலிருந்து அதே போன் வரும். கோளாறு மெஷினில் இல்லை, அறையில் இருக்கிறது.

அதனால் அறையை எப்படிப் பார்ப்பது என்று அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் (500 ரூபாய்க்குள் கிடைக்கும்), கெட்டியான பாலிதீன் ஷீட், நல்ல பசையுள்ள டேப், டார்ச், பென்சில். பெயின்ட் டப்பா இப்போதைக்கு வேண்டாம்.

அறிகுறி 1: கதவைத் திறந்ததும் ஓத வாடை

முதலில் வாடை எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

*மழை இல்லாத நாளிலும் வருகிறது, சாக்கடை வாடை கலந்திருக்கிறது.* பின்கட்டு அறைகளில் பழைய குளியலறை இருக்கும். அதைப் புழங்காமல் விட்டால் தரைக் குழியில் நிற்கும் தண்ணீர் காய்ந்து, சாக்கடைக் காற்று மேலே வரும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வாடை குறைந்தால் அதுதான் காரணம், வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். குறையவில்லை என்றால் குழாய் எங்கோ உடைந்திருக்கலாம், பிளம்பர் வேண்டும்.

*பீரோவைத் திறந்தால்தான் வருகிறது.* பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணி மூட்டையைத் தரையிலிருந்து எடுத்துப் பலகை மேல் போடுங்கள். தைத்து முடித்த துணியை இஸ்திரி போட்ட சூட்டோடு மடித்து பிளாஸ்டிக் கவரில் போடும் வழக்கத்தையும் விடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட நீராவி அங்கேயே வாடையாகும்.

*அறை முழுக்க, மழைக்காலம் பூராவும் வருகிறது.* மீட்டரைச் சுவரை ஒட்டாமல், மெஷின் மேசை உயரத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துணிக்கு ஆபத்தில்லை. 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வெளியிலேயே 80க்கு மேல் போகும். அதனால்தான் மழை நாளில் “காத்தோட்டமா இருக்கட்டும்” என்று ஜன்னலைத் திறந்து வைப்பது உதவாது, வெளி ஈரம் உள்ளே வரும், அவ்வளவுதான். மழை விட்டு வெயில் வரும் நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். மழையில் மூடிவிட்டு மின்விசிறியை ஓட விடுங்கள்.

பீரோவுக்குள் வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பா கடையில் கிடைக்கிறது. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அடியில் சேரும் தண்ணீர் உப்புநீர், துணியிலோ இரும்பிலோ கவிழ்ந்தால் நாசம். கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள். பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கம் துணி வைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகு, மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களிலும் 70க்கு மேலேயே நின்றால், ஈரம் காற்றிலிருந்து மட்டும் வரவில்லை, சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ வரலாம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: சுவரில் ஈரம், உப்பு பொரிந்து பூச்சு உதிர்கிறது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ‘டேம்ப் ப்ரூஃப்’ என்று எழுதிய டப்பாவை வாங்கி உள்பக்கம் அடித்துவிடுவார்கள். ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டு, பெயின்ட் உப்பிக் கழன்று வரும். சில சமயம் ஓதம் இன்னும் ஓர் அடி மேலே ஏறும்.

முதல் சோதனை: ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலிதீனை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். பாலிதீனுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி என்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் துளி என்றால் காற்றின் ஈரம்தான், அறிகுறி 1க்குத் திரும்புங்கள். தரைக்கும் இதே சோதனை.

இரண்டாவது: ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மழைக்குப் பிறகு கோடு எந்தப் பக்கம் தாண்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை தெரியும்.

*தரையிலிருந்து சுமார் 3 அடிக்குள், பட்டையாக.* நிலத்து ஈரம் ஏறுகிறது. வெளியே போய்ச் சுவரோரம் பாருங்கள். பூந்தொட்டி, கொட்டி வைத்த மண், மணல், துணி துவைக்கும் கல் ஏதாவது சுவரை ஒட்டி இருக்கிறதா? தெருவை உயர்த்தி உயர்த்தி, வெளி மண் மட்டம் அறையின் தரை மட்டத்தைத் தாண்டிவிட்டதா? புறநகரில் இது சர்வசாதாரணம். மண்ணை வெட்டி எடுத்து, சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி சரிவாகச் சிமென்ட் போடுவது ஒரு கொத்தனாரின் ஓரிரு நாள் வேலை. அது முடிந்து ஒரு கோடை காய்ந்த பிறகு உதிர்ந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டுப் புதுப்பூச்சு பூசலாம். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டையே இல்லாத பழைய வீடு என்றால், சுவரில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. அனுபவமுள்ள ஆள் செய்ய வேண்டியது, செலவும் அதிகம். வாடகை வீடென்றால் இதை நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்காரரிடம் பேசுங்கள், இல்லையேல் அந்தச் சுவரோரம் எதையும் வைக்காமல் காலியாக விடுங்கள்.

*ஜன்னலைச் சுற்றி.* சன்ஷேடின் மேல்பக்கம் தண்ணீர் தேங்குகிறதா, அடியில் தண்ணீர் சொட்டி விழக் காடி (நீளப் பள்ளம்) இருக்கிறதா, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரிசலா என்று பாருங்கள். சிமென்ட் பூச்சும் சீலன்ட்டும் போதும்.

*சுவர் நடுவே தனியாக ஒரு வட்டம்.* பின்னால் தண்ணீர்க் குழாய் போகிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, இரவு தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பிளம்பர்.

*மேலே, கூரையை ஒட்டி.* அடுத்த அறிகுறி.

இதில் எதுவானாலும் சுவிட்ச் பெட்டி இருக்கும் சுவர் நனைந்திருந்தால், முதலில் அந்த லைனின் எம்.சி.பி.யை (மின்பெட்டியில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்குங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மற்றது.

அறிகுறி 3: கூரையிலிருந்து கசிவு, சொட்டு

*கான்கிரீட் கூரை.* மாடிக்கு ஏறி, தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைந்த இலை, பிளாஸ்டிக் பையை எடுங்கள். கசிவு என்று கூப்பிட்ட வீடுகளில் இதோடு முடிந்தது நிறைய. மழை நின்று ஒரு நாள் கழித்து எங்கே தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டமிடுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தட்டோடுகளின் இணைப்பு, தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய விரிசலைச் சுரண்டி அடைப்பது நீங்களே செய்யக்கூடியது. இடம் பிடிபடவில்லை என்றால் கொத்தனார் மண்ணால் பாத்தி கட்டி, பகுதி பகுதியாக ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பார்.

ஆனால் உள்கூரையில் கான்கிரீட் உப்பி, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவே கூடாது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து மெஷினையும் ஆட்களையும் அன்றே நகர்த்திவிட்டு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மேலே பூசி மறைக்கிற கொத்தனார் இதற்கு ஆகாது.

*சீட் கூரை.* சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் சரிவின் மேல்பக்கம் எங்கோ நுழைந்து ஓடி வரும். பெரும்பாலும் போல்ட் தலையின் வாஷர் நைந்திருக்கும், அல்லது இரண்டு சீட் ஏறும் இடத்தில் அளவு போதாது. வாஷரை மாற்றுங்கள். சிமென்ட் சீட் என்றால் இரண்டு எச்சரிக்கை. அதன் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார், சட்டத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். அப்புறம், அது கல்நார் சீட்டாக இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்ப்பது, அறுப்பது, துளையிடுவது கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

*ஓட்டுக் கூரை.* நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, உடைந்ததை மாற்றினால் முடிந்தது. கைமரம், உத்திரம் உளுத்திருந்தாலோ கரையான் மண் தடம் ஏறியிருந்தாலோ தச்சரும் கரையான் மருந்தடிப்பவரும் வேண்டும்.

அறிகுறி 4: பகல் 12 மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை

“ஏசி போட்டா சரியாயிடும்” என்பார்கள். சுடுகிற சீட்டுக்கு அடியில் ஏசி போட்டால் மின் கட்டணம்தான் வளரும்.

மாலை 3 மணிக்கு மேற்குச் சுவரைக் கையால் தொடுங்கள். ஸ்டூலில் ஏறி உள்கூரையையும் தொடுங்கள். எது அதிகம் சுடுகிறதோ அதில் தொடங்குங்கள். அனேகமாகக் கூரைதான். இரவு 9 மணிக்கும் கான்கிரீட் அனலடித்தால் சந்தேகமே வேண்டாம்.

காசில்லாத மாற்றம்: இஸ்திரிப் பெட்டியை வெளியே தள்ளுங்கள். 1000 வாட் இஸ்திரி என்பது அறைக்குள் ஹீட்டர் வைப்பது போலத்தான். நீராவி இஸ்திரி வெக்கையோடு ஈரத்தையும் சேர்க்கும். தாழ்வாரத்திலோ, முடியாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அடியிலோ மேசையைப் போடுங்கள். மெஷினை மேற்குச் சுவரிலிருந்து கிழக்கு, வடக்குப் பக்கம் மாற்றுங்கள். மேற்கு ஜன்னலுக்குத் திரை உள்ளே போட்டுப் பயனில்லை. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே, வெளியே மூங்கில் தட்டி கட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் கூரைக்குக் கீழே உயரத்தில், காற்று நுழையும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் வெளிக்காற்று வந்த வழியே போய்விடும், அறை அப்படியே இருக்கும்.

பிறகு கூரை. கான்கிரீட் தளத்தைக் கழுவிக் காயவைத்து, வடிகட்டிய சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து மாசி, பங்குனியில் இரண்டு கோட் அடியுங்கள். கத்திரி வெயில் தொடங்கிய பிறகு அடிக்க நிற்க முடியாது. மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கூலிங் பெயின்ட் விலை அதிகம், ஆனால் சில வருஷம் தாங்கும். இரண்டிலுமே தூசு படிந்தால் பலன் போய்விடும், கோடையில் அவ்வப்போது கழுவுங்கள்.

சீட் கூரைக்கு வெள்ளை அடிப்பதோடு, ஓர் அடி மேலே பச்சை வலை கட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். கீற்று வேய்வது குளிர்ச்சிதான், ஆனால் இஸ்திரியும் துணியும் இருக்கும் இடத்தில் தீ பயம் உண்டு. வெறும் தெர்மாக்கோலைக் கூரைக்கு அடியில் ஒட்டுவதற்கும் அதே ஆட்சேபம். ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால் ஜிப்சம் பலகை, அதற்கும் சீட்டுக்கும் நடுவே காற்று வெளியேற இரு பக்கமும் துவாரம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் முடியவில்லை என்றால் ஏசி. 10க்கு 12 அடி அறைக்கு 1 டன் போதும், கூரை நேர் வெயிலில் இருந்தால் 1.5 டன் கேட்பார்கள். 26 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள். குளிர்ந்து கிடக்கும் மெஷின் மேல், கதவைத் திறந்ததும் வெளி ஈரக்காற்று பட்டால் வியர்வை போல நீர் பூக்கும். ஏசி போட்ட கூடங்களில் நான் பார்க்கும் துரு பாதி இதனால்தான்.

அறிகுறி 5: ஊசி, பாபின் துருப்பிடிக்கிறது, மெஷின் காலையில் இறுகுகிறது, பெல்ட் வழுக்குகிறது

பெல்ட்: தோல் பெல்ட் மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தளரும். அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடுங்கள். கோடையில் இறுகிவிட்டால் வேறு பெல்ட் மாற்றுங்கள், மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

இறுக்கம்: என்ன எண்ணெய் விட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. தேங்காய் எண்ணெய் என்றால் பிசின் போலக் கட்டிப் போயிருக்கும். தையல் மெஷினுக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெய் மட்டும் விடுங்கள். இரவில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கும், பழைய பருத்தி வேட்டித் துணி அதைவிட நல்லது.

துரு: ஊசிகளை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வேலை முடிந்ததும் ஷட்டில் பக்கம் சேரும் பஞ்சுத் தூசியைத் துடைத்துவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு ஏறிய ஊசியைத் தேய்த்து மறுபடி போடாதீர்கள். ஒரு ஊசி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பட்டு ரவிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஷட்டிலில் சொரசொரப்பு விரலுக்குத் தட்டினால், நூல் அங்கேயே அறுந்துகொண்டிருந்தால், மெக்கானிக் வேண்டும்.

அறிகுறி 6: துணியில் புள்ளி, கறை, ஓட்டை

*கறுப்பு அல்லது சாம்பல் புள்ளி, வாடையோடு:* பூஞ்சணம். அறைக்குள் உதறாதீர்கள், மற்ற துணிக்கும் பரவும். வெளியே கொண்டுபோய் வெயிலில் காயவைத்து, பிறகு பிரஷ் செய்யுங்கள். பட்டுத் துணியை நிழலில் காயவையுங்கள். வாடிக்கையாளர் துணி என்றால் துவைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

*பழுப்புப் புள்ளி:* துரு. குண்டூசி, கொக்கி, பீரோத் தட்டு, இஸ்திரியின் நீராவித் துளை என்ற வரிசையில் தேடுங்கள்.

*மஞ்சள் கோடு, தையல் ஓரமாக:* எண்ணெய். எண்ணெய் விட்ட பிறகு வேஸ்ட் துணியில் நாலு வரி ஓட்டுங்கள்.

*ஒழுங்கில்லாமல் அரித்த இடம்:* வெள்ளிமீன் பூச்சி. கஞ்சி போட்ட துணி, கேன்வாஸ், காகித மாதிரிகள்தான் அதற்குத் தீனி. ஈரம் குறைந்தால் அதுவும் குறையும். வசம்பு, காய்ந்த வேப்பிலை ஓரளவு உதவும். அந்துருண்டையைச் ஜரிகை மேல் படாமல் வையுங்கள், சின்னக் குழந்தைகள் புழங்கும் கூடத்தில் வைக்கவே வேண்டாம்.

அறிகுறி 7: ட்ரிப் ஆகிறது, மெஷின் தொட்டால் சுரீர்

சுரீர் என்றால் சோதனை எதுவும் நீங்கள் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு தைப்பது தீர்வல்ல. மோட்டார் மாட்டிய இரும்பு மெஷின் இரண்டு பின் பிளக்கில் ஓடுவதையும், பின்கட்டு அறைக்கு எர்த் கம்பியே வராததையும் அடிக்கடி பார்க்கிறேன். எலக்ட்ரீஷியனிடம் மூன்று கேளுங்கள்: மூன்று பின் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்).

ட்ரிப் மட்டும் என்றால் எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். ஒரு குறிப்பிட்ட சாதனத்தில் விழுந்தால் அதில் கோளாறு. இஸ்திரியும் ஏசியும் சேரும்போது மட்டும் விழுந்தால் லைன் தாங்கவில்லை, இஸ்திரிக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். எதையும் சொருகாமலே விழுந்தால் வயரிங்கில் ஈரமோ வேறு கோளாறோ இருக்கலாம். பெரிய எம்.சி.பி. மாற்றிச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், வயர் உருகும்.

அறிகுறி 8: பெருமழையில் தண்ணீர் உள்ளே வருகிறது

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த மாதிரி இடத்தில் தரைத்தளக் கூடம் என்றால் புரட்டாசியிலேயே தயாராகுங்கள்.

வாசலில் அரை அடி தடுப்பு கட்டினால் சாதாரண மழைக்குப் போதும். தண்ணீர் கழிப்பறை வழியாக எதிர்த்து வந்தால் வாசல் தடுப்பால் பயனில்லை, மண் நிரப்பிய சாக்கால் வாயை அடைக்க வேண்டும். பிளக் பாயின்ட்களை 3 அடிக்கு மேல் ஏற்றுங்கள். தண்ணீர் வரும் என்று தெரிந்தால் மெயினை இறக்கிவிட்டு, மெஷின் ஹெட்டைப் பிடித்திருக்கும் பின்பக்க இரண்டு திருகையும் தளர்த்தி ஹெட்டை மட்டும் தூக்கி லாஃப்ட்டில் வையுங்கள். ஸ்டாண்ட் நனைந்தால் பரவாயில்லை.

நனைந்துவிட்ட ஹெட்டின் கைச்சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மண் தேய்க்கும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, எல்லா எண்ணெய்த் துளையிலும் தாராளமாக விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மோட்டாரும் மிதியும் நனைந்திருந்தால் சொருகிப் பார்ப்பதே கூடாது.

இனி பெயின்ட், விளக்கு

பாலிதீன் சோதனையில் சுவர் காய்ந்தது என்று தெரிந்த பிறகு அடிக்கலாம். கீழ் 3 அடிக்குப் பட்டி போடாதீர்கள். அங்கே சுண்ணாம்பு அடித்தால், மிச்ச ஈரம் வெளியேற வழி இருக்கும். பூஞ்சணம் பிடித்த இடத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்த பின்தான் ப்ரைமர். பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் கழிப்பறை ஆசிடோடு சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

நிறம் வெள்ளை அல்லது மங்கலான வெள்ளை. ரோஸ், பச்சை என்று அடித்தால் அந்தச் சாயல் துணி மேலும் விழும், ரவிக்கைக்கு நூல் பொருத்தும்போது ஏமாற்றும். விளக்குக்கும் அதே கவனம் வேண்டும்: 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறம்), சி.ஆர்.ஐ. 90 (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) என்று போட்ட எல்.இ.டி. கேட்டு வாங்கி, ஊசிக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி மாட்டுங்கள்.